பந்தயம் ஓடிய தரைகள்

முத்துப்பேட்டை

கோரையாற்றில் படகு கொஞ்ச தூரம் போனதும் பஸ் ஹாரன் சத்தம் அடங்கிவிடுகிறது. இரு கரையிலும் அலையாத்தி. சேற்றைத் துளைத்துக்கொண்டு மேலே நீட்டி நிற்கும் மூச்சுவேர்கள், கரையோரச் சகதியில் ஓடி ஒளியும் நண்டுகள், மடவை துள்ளும் ஓசை. தமிழ்நாட்டின் மிகப் பெரிய அலையாத்திக் காடு இது. காவிரியின் கடைமடைக் கிளைகள் இங்கே வந்துதான் கடலைக் காண்கின்றன. மரமும் உப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. படகின் அடிப்பலகை, துறையில் போட்ட பலகை, காட்டுக்குள் வனத்துறை அமைத்த மரநடைபாதை எல்லாமே ஓயாமல் பராமரிப்பைக் கேட்பவை.

"இந்தத் தண்ணியில மரத்தை நாம ஒரு வருஷம் பாக்காம விட்டா, அடுத்த வருஷம் அது நம்மளைப் பாக்காதுங்க" என்றார் படகுக்காரர்.

எதிரே அமர்ந்திருந்த மெக்கானிக் பாய் தலையாட்டினார். ஊரில் எல்லோருக்கும் அவர் மெக்கானிக் பாய்தான். எழுபதுகளில் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, தொழில் கற்று, ஊர் திரும்பிச் சொந்தப் பட்டறை வைத்தவர். அந்த நாட்களில் பட்டறையின் ஃபோர்மேன் அவரைச் சென்னையை அடுத்த சோழவரம் மோட்டார் பந்தயத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். "அந்த இடத்தை இன்னொரு தரம் பாத்துடணும் தம்பி" என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாசி மாதம், சம்பா அறுவடை ஓய்ந்த வாரத்தில் கிளம்பினோம். பாய் வீட்டிலிருந்து இறால் வாடா நிறைந்த தூக்குச்சட்டியும் கூட வந்தது.

படகில் அன்று நான் அவருக்கு மரத்தாலான மோட்டார் பந்தயத் தடங்களைப் பற்றிச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. "பலகை மேல காரா?" என்றார்.

பலகை மேல்தான். 1910 ஏப்ரலில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் அருகே, பிளாயா டெல் ரே என்ற கடலோர ஊரில், ஒரு மைல் நீளத்தில் வட்டமான மரத்தடம் ஒன்றைத் திறந்தார்கள். கட்டியவர் ஜாக் பிரின்ஸ் என்ற ஆங்கிலேயர். சைக்கிள் பந்தய வீரராக இருந்து, சைக்கிள் பந்தயத்துக்கான மரத்தடங்களைக் கட்டித் தேர்ந்தவர். அதே வேலையைக் காருக்குப் பெரிதாகச் செய்தால் என்ன என்பதுதான் அவருடைய எண்ணம். கான்கிரீட்டைவிட மரம் மலிவு. வேலை சீக்கிரம் முடியும். மண் தடத்தைப் போலப் புழுதி கிளம்பாது. வளைவுகளில் தரையை எவ்வளவு வேண்டுமானாலும் சாய்த்துக் கட்டலாம். இரண்டங்குலத் தடிமனும் நான்கங்குல அகலமும் கொண்ட சட்டங்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, ஒன்றோடொன்று நெருக்கி ஆணியடித்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அமெரிக்கா முழுவதும் இப்படிப்பட்ட பெரிய தடங்கள் இருபதுக்கும் மேல் எழுந்தன. 1920களில் அந்நாட்டுத் தேசியப் போட்டியின் பெரும்பாலான பந்தயங்கள் மரத்தின் மேல்தான் நடந்தன.

பாய் கொஞ்ச நேரம் யோசித்தார். "எண்ணெய் சிந்துமே தம்பி. மழை பெய்யுமே. மரம் தாங்காதே" என்றார். இயந்திரத்தோடு வாழ்ந்த மனிதர் ஒரே மூச்சில் அந்தத் தடங்களின் முடிவைச் சொல்லிவிட்டார். பிளாயா டெல் ரே தடம் 1913இல் தீக்கு இரையானது. மற்றவை அழிந்த கதையைப் பயண வழியில் சொல்வதாக நிறுத்திக்கொண்டேன்.

பட்டுக்கோட்டைச் சாலை

பட்டுக்கோட்டையைத் தாண்டியதும் ஒரு கிராமத்தில் சாலையை மறித்திருந்தார்கள். கோயில் திருவிழாவை ஒட்டிய மாட்டுவண்டி எல்கைப் பந்தயம். இந்தப் பக்கத்திலும் புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமையிலும் தை மாசியில் இது வழக்கம். நாங்கள் இறங்கி வேப்பமரத்தடியில் நின்றோம்.

ஒலிபெருக்கியில் வகைகளை வாசித்தார்கள்: பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு. ஒவ்வொரு வகைக்கும் போய்வரத் தூரம் வேறு. வண்டி என்றால் பாரவண்டி அல்ல. இரண்டு சக்கரம், ஓர் அச்சு, ஏர்க்கால், சாரதி உட்கார ஒரு சின்னச் சட்டம், அவ்வளவே. ஒரு ஆள் தூக்கிவிடக்கூடிய கனத்தில் தச்சர் இழைத்திருக்கிறார். கொடி அசைந்ததும் எங்கள் காலடியில் தார் அதிர்ந்தது. முதல் ஜோடி கடந்துபோன பிறகுதான் சலங்கைச் சத்தம் வந்து சேர்ந்தது போலிருந்தது.

பந்தயம் திரும்பி வருவதற்குள் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். இளமையில் சாரதியாக இருந்தவர். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்த நாட்களைப் பற்றிக் கேட்டேன்.

"மாட்டைக் குடுத்துடுன்னு வீட்டுல எல்லாரும் சொன்னாங்க. ஓட்டமில்லாத மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் உளுந்தும் எதுக்கு வைக்கிறேன்னு கேட்டாங்க. நான் குடுக்கல. காலையில ஆத்துக்கு ஓட்டிட்டுப் போய் நீச்சலடிக்க விடுவேன். பந்தயம் வருதோ இல்லையோ, மாடு மாடா இருக்கணும்ல தம்பி" என்றார்.

2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாடு சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. விலங்குகளின் துன்பத்தைக் குறித்து எழுந்த கேள்விகள் நியாயமானவை. விதிகளைக் கடுமையாகப் பின்பற்ற வேண்டும் என்பதிலும் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அன்று என் மனத்தில் தங்கியது வேறு. இந்தப் பந்தயத்துக்கென்று தனித் தடம் எதுவும் கிடையாது. காலையில் பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் சாலை, பகலில் நெல் காயும் சாலை, பந்தயத்தன்று ஓடுகளம். ஊர்ப் பையன்கள் விடியுமுன் எழுந்து கல் பொறுக்கி, குழியில் மண் போட்டு நிரப்பியிருந்தார்கள். சட்டம் கதவைச் சாத்திய ஆண்டுகளிலும் சாலை இங்கேயே இருந்தது, மாடு தொழுவத்தில் இருந்தது, வண்டி செய்யும் தச்சர் தெருக்கோடியில் இருந்தார். அதனால் பந்தயம் திரும்பி வந்தது.

தஞ்சாவூர், திருவையாறு

ஒரத்தநாடு கடந்து தஞ்சாவூரை நெருங்கும்போது பூமி நிறம் மாறுகிறது. கடைமடையின் கருங்களி போய்ச் செம்மண் தலை காட்டுகிறது. ஊருக்குத் தெற்கே விமானப்படைத் தளம். இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் பயன்படுத்திய ஓடுபாதை அது. பிறகு நெடுங்காலம் சும்மா கிடந்தது. 2013 மே மாதம் விமானப்படை அதை முழுமையான தளமாகத் திறந்தது. தமிழ்நாட்டில் போர்க்கால ஓடுபாதைகள் பல உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையெழுத்து. தஞ்சாவூருக்கு மறுபடியும் விமானமே வாய்த்தது.

நகரைத் தாண்டித் திருவையாறு போகும் வழியில் ஆறுகள் வரிசையாக வந்தன. மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடிவிட்டதால் வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி எல்லாவற்றிலும் மணல்தான் பளபளத்தது. வயல்களில் சம்பாத் தாளுக்கிடையே உளுந்தும் பயறும் பசுமை கட்டியிருந்தன. நெல் அறுக்கும் முன்பே ஈர வயலில் தெளித்துவிட்ட விதை; பனியையே குடித்து வளரும் பயிர். நேரடிக் கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் குவியல்கள் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. சாக்கு வருமா, லாரி வருமா என்று விவசாயிகள் காத்திருந்தார்கள்.

திருவையாற்றில் அசோகா அல்வா வாங்கிச் சாப்பிட்டோம். பாசிப்பருப்பும் நெய்யும் குழைந்த அந்தச் சூட்டை வாழையிலைத் துண்டில் வைத்துத் தந்தார்கள். பாய் சர்க்கரை நோயை அன்றைக்கு மறந்துவிட்டார். "எங்க ஃபோர்மேன் இந்த ஊரு பக்கம்தான் தம்பி. சோழவரத்துக்குப் போற அன்னைக்கு எலுமிச்சம் சாதம் கட்டிட்டு வருவாரு. வண்டி ஜெயிச்சாலும் தோத்தாலும் சாப்பிட்டுட்டுத்தான் கழட்டணும்பாரு" என்றார்.

அரியலூர், உளுந்தூர்பேட்டை

கொள்ளிடத்தைத் தாண்டியதும் டெல்டா முடிந்துவிடுகிறது. இதைப் பாலத்தின் மேல் நின்றே பார்க்கலாம். தெற்கே தென்னையும் வாழையும். வடக்கே கொஞ்சதூரம் போனால் முந்திரி, கருவேலம், வெள்ளைத் தூசி. அரியலூர் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடித் தரையாக இருந்த நிலம். சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிகளில் கடலுயிர்களின் புதைபடிவங்கள் இன்றும் கிடைக்கின்றன. அந்தக் கல்தான் சிமெண்டாகி லாரி லாரியாகப் போகிறது. எங்கள் ஊர் வண்டலில் ஒரு கல்லைக்கூடக் காண முடியாது. இங்கே மண்ணே கல்லாக இருக்கிறது.

சிமெண்டு லாரிகளின் பின்னால் போகும்போது மரத்தடங்களின் மறுபாதிக் கதையைப் பாயிடம் சொன்னேன். இங்கிலாந்துக்காரர்கள் 1907இலேயே புரூக்லண்ட்ஸில் கான்கிரீட் தடம் கட்டிவிட்டார்கள். இந்தியானாபோலிஸ் 1909இல் செங்கல் பாவியது. இரண்டுக்கும் செலவு அதிகம். அமெரிக்க முதலாளிகள் மரத்தைத் தேர்ந்தார்கள். ஆனால் பதப்படுத்தாத மரம் வெயிலில் வெடித்தது, மழையில் ஊறியது, டயர் அடித்து அடித்துச் சிம்பு பறந்தது. சில ஆண்டுகளிலேயே பெரும் பகுதியை மாற்ற வேண்டி வந்தது. பந்தயம் நடக்கும்போதே தச்சர்கள் தடத்தின் அடியில் நின்றுகொண்டு, தலைக்கு மேல் கார்கள் பறக்க, உடைந்த பலகைகளைச் சரிசெய்ததும் உண்டு. சிம்பு தெறித்து ஓட்டுநர்களின் முகத்தில் தைத்தது.

"அந்தத் தச்சனுங்க பேரெல்லாம் யாராவது எழுதி வச்சிருக்காங்களா?" என்று பாய் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

உளுந்தூர்பேட்டைக்கு அருகே நெடுஞ்சாலையை விட்டு விலகி நின்றோம். இங்கேயும் ஒரு போர்க்கால ஓடுபாதை இருக்கிறது. விரிசல்களில் புல் முளைத்த நீண்ட சிமெண்டுத் தரை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், "இது வெள்ளைக்காரன் போட்டது. எங்க தாத்தா காலத்துலயே இப்படித்தான்" என்றார். அவருடைய ஆடுகளுக்கு வெள்ளைக்காரனின் தரையைவிட அதன் ஓரத்து அருகம்புல் பிடித்திருந்தது.

அங்கே நிற்கும்போது நினைவுக்கு வந்தது அமாடோல். முதல் உலகப் போருக்காக அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வெடிமருந்துத் தொழிற்சாலையோடு எழுப்பிய ஊர். போர் முடிந்ததும் ஊர் காலியானது. 1926இல் அதே நிலத்தில் ஒன்றரை மைல் மரத்தடம் கட்டினார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் ஃபிராங்க் லாக்ஹார்ட் என்ற இளைஞர் அந்தப் பலகைகளின் மேல் மணிக்கு ஏறத்தாழ 237 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுற்று ஓட்டினார். உலகமே வியந்த வேகம். 1928இல் அந்தத் தடத்தில் பந்தயம் நின்றுவிட்டது. கட்டிய செலவுக்குக் கூட்டம் வரவில்லை. போருக்காகப் போட்ட தரையில் பந்தயம் முளைப்பதும் வாடுவதும், இன்னொரு போர்க்கால ஓடுதளமான சோழவரத்துக்கு முன்பே நடந்திருக்கிறது.

சென்னை, தீவுத்திடல்

தீவுத்திடலில் நாங்கள் போன நேரம் பொருட்காட்சிக் கூட்டம். டெல்லி அப்பளத்தின் எண்ணெய் வாசனை, ராட்டினத்தின் விளக்குகள், பிள்ளைகளின் அழுகை. பாய் ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டே, சிறுவயதில் திருவிழாவில் பார்த்த மரணக் கிணற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "பலகையாலதான் கட்டியிருப்பான். மேல நின்னு எட்டிப் பாத்தா வண்டி நம்ம முகத்துக்கு நேரா வரும். கட்டடமே ஆடும்" என்றவர் சட்டென்று நிறுத்தினார். "அடடா. நீங்க சொன்ன மரத்தடம் இதுதானே தம்பி?"

அதுவேதான். மோட்டார் சைக்கிள்களுக்கென்று அமெரிக்கா கட்டிய சின்ன மரத்தடங்களில் விபத்துகள் பெருகின. 1912 செப்டம்பரில் நியூவர்க் நகரத்தில் எடி ஹாஷா என்ற வீரரின் வண்டி தடுமாறி மேல் வேலியில் மோதியது. இரண்டு வீரர்களோடு, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சிறுவர்களும் இறந்தார்கள். பத்திரிகைகள் கொதித்தன. அந்தத் தடங்கள் இப்படிப் பெயர் கெட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், திருவிழாக்காரர்கள் மரத்தடத்தைச் சுருக்கினார்கள். சரிவு செங்குத்தாகி, தடம் உருளையாகி, கழற்றி லாரியில் ஏற்றும் கிணறாகிவிட்டது. அது கடல் கடந்து இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் வந்தது. வண்டி சுவரில் ஒட்டி நிற்பதில் மாயம் இல்லை. சுற்றும் வேகத்தில் சக்கரம் பலகையை அழுத்துகிறது; அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வு வண்டியின் எடையைத் தாங்குகிறது. ஐந்து மீட்டர் ஆரமுள்ள கிணற்றுக்கு மணிக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான வேகமே போதும். ஆனால் அந்த வேகம் ஒரு நொடிகூடக் குறையக் கூடாது.

கோடிகள் கொட்டிய மரத்தடங்கள் 1931க்குப் பிறகு பெரிய பந்தயம் எதையும் காணவில்லை. பொருளாதார மந்தம் மிச்சமிருந்தவற்றையும் முடித்துவைத்தது. ஆனால் ஊர் ஊராகக் கட்டிக் கழற்றிய ஏழைகளின் மரக்கிணறு நம் காலம் வரை வந்திருக்கிறது. காரணம் எளிது. ஒவ்வொரு ஊரிலும் அதைப் பிரித்து, ஒவ்வொரு பலகையையும் கையால் தொட்டுப் பார்த்து, மறுபடி பூட்டுகிறார்கள். தங்கள் உயிரே அந்தப் பலகையில் இருப்பதால், ஓட்டுபவர்களே அதைப் பேணுகிறார்கள்.

இதே தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில்தான் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தது. மூன்றரைக் கிலோமீட்டர் தெருத்தடம். அரசின் முன்முயற்சியில் நகரத்தின் நடுவே பந்தயம் வந்தது நல்ல செய்தி. வேலிகளை அகற்றிய பின் அந்தச் சாலைகளில் இப்போது மாநகரப் பேருந்து ஓடுகிறது. பாய் தரையை உற்றுப் பார்த்தார். "தார் நல்லாப் போட்டிருக்கான்" என்றார். மெக்கானிக்கின் பாராட்டு அதற்குமேல் போகாது.

சோழவரம்

செங்குன்றம் தாண்டி கொல்கத்தா நெடுஞ்சாலையில் சோழவரம். ஏரிக்கரையில் காற்று நன்றாக வீசியது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி. தண்ணீர் மட்டத்தில் நாரைகள். காய்ந்த ஆறுகளை எண்ணிக்கொண்டு வந்த எங்கள் கண்ணுக்கு அந்த நீர்ப்பரப்பே விருந்து.

ஓடுதளம் பாதுகாப்புத் துறையின் இடம். நாங்கள் உள்ளே போகவில்லை. வெளியே நின்று, சீமைக்கருவேல முட்களுக்கு அப்பால் விரியும் வெட்டவெளியைப் பார்த்தோம். பாய் பேசவே இல்லை. பிறகு கையை நீட்டி, "அந்தப் பக்கம் பிட். மூங்கில் கட்டி, கீத்து போட்டிருப்பாங்க. இந்தப் பக்கம் சனம்" என்று காற்றிலேயே படம் வரைந்தார்.

1942 ஏப்ரலில் ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் மெட்ராஸ் மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டுப் போனார்கள். அந்தப் போர்க்காலத்தின் ஓடுதளம் இது. போர் முடிந்தது, விமானங்கள் போயின, சிமெண்டு மட்டும் மிஞ்சியது. 1953இல் நகரத்து வாகனப் பித்தர்கள் சிலர் சேர்ந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் இந்து சந்தோக். சோழவரத்தின் வெற்றுத் தரையை அவர்கள் பந்தயத் தடமாக்கினார்கள். ஆண்டுதோறும் பிப்ரவரியில் பந்தயம் என்பது முறையாயிற்று. கல்கத்தா, பம்பாய், பெங்களூர், கோயம்புத்தூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் வீரர்கள் வந்தார்கள். இலங்கையிலிருந்தும் வந்தார்கள். மகாராஜாவும் மில் முதலாளியும் ஓட்டிய அதே தரையில், ஜாவா பைக் வைத்திருந்த மெக்கானிக்கும் ஓட்டினார். விஜய் மல்லையா பழைய ஃபார்முலா ஒன் காரான என்ஸைனைக் கொண்டுவந்து ஓட்டியதும் இங்கேதான்.

வெளிநாட்டுப் பந்தயக் கார் எல்லோருக்கும் எட்டாது. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். "எங்க ஆளுங்க என்ன பண்ணுவாங்கன்னா, புதுப்பேட்டையில போய் ஹெரால்டு சேசிஸ் ஒண்ணு, ஃபியட் எஞ்சின் ஒண்ணு எடுத்துட்டு வருவாங்க. மேல்கூட்டை அறுத்துத் தூக்கிப் போட்டுடுவோம். ராத்திரி பூரா வெல்டிங். கார்புரேட்டர் ஜெட்டை நூல் நூலாப் பெருசு பண்ணி, ஓட்டிப் பாத்து, மறுபடி கழட்டி..." பாயின் விரல்கள் அந்த ஜெட்டை இன்னும் திருகிக்கொண்டிருந்தன. "பந்தயத்தன்னைக்கு எங்க வண்டி நாலாவது வந்துச்சு தம்பி. ஃபோர்மேன் அழுதுட்டாரு. நாலாவதுக்கு அழுத மனுஷனை நான் அப்பத்தான் பாத்தேன்."

எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மா எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தார். "ரேஸு பாக்கவா வந்தீங்கண்ணே? அது நின்னு எவ்ளோ வருஷமாச்சு. சின்னப் பொண்ணா இருக்கும்போது எங்கம்மாவோட சேந்து அங்க வேர்க்கல்ல வித்திருக்கேன். ரேஸு மூணு நாள் நடந்தா எங்க வூட்டுல ரெண்டு மாசத்துக்கு அரிசி. பஸ்ஸு, லாரி, மாட்டுவண்டி எல்லாத்துலயும் ஜனம் வரும்" என்றார். பந்தயம் போனதில் வருத்தமா என்று கேட்டேன். "ஜனம் வராத ஊரு ஊரா சார்?" என்று கேட்டுவிட்டு, காசு வேண்டாம் என்று சொல்லி இன்னொரு டீ தந்தார்.

சோழவரம் ஏன் வாடியது? ஆர்வம் குறைந்ததால் அல்ல. அங்கே கூட்டம் கடைசிவரை வந்தது. மரத்தடங்களைப் போல அதன் தரை உளுத்துப்போகவும் இல்லை. அந்த நிலம் பந்தயக்காரர்களுடையதாக இல்லை, அவ்வளவே. இரவல் நிலத்தில் நிரந்தரக் கட்டடம் எழுப்ப முடியாது. உறுதியான தடுப்புச் சுவரும் பார்வையாளர் மாடமும் கட்ட முடியாது. கார்களின் வேகம் ஆண்டுக்கு ஆண்டு கூடியபோது மூங்கிலும் வைக்கோலும் மணல் மூட்டையும் போதவில்லை.

இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் இரண்டாம் உலகப் போரின் ஓடுதளம்தான். 1948இல் பந்தயம் தொடங்கியது. 1950 மே 13 அன்று உலக ஃபார்முலா ஒன் போட்டியின் முதல் பந்தயமே அங்கு நடந்தது. 1952இல் பிரிட்டிஷ் பந்தய ஓட்டுநர்களின் சங்கம் அதைக் குத்தகைக்கு எடுத்தது. 1971இல் நிலத்தையே வாங்கியது. இன்றும் அங்கே உலகப் பந்தயம் நடக்கிறது. பிறப்பில் சோழவரத்துக்கும் சில்வர்ஸ்டோனுக்கும் வேறுபாடு இல்லை. ஒன்றின் தரை ஓட்டுபவர்கள் கைக்கு வந்தது, மற்றதன் தரை வரவில்லை.

இருங்காட்டுக்கோட்டை

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. திருப்பெரும்புதூர்ச் சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று நிலம் தேடி, 1990இல் சொந்தத் தடத்தைத் திறந்தது. 3.717 கிலோமீட்டர் நீளம். கோவையின் கரிவர்தன், மாருதி 800 எஞ்சினை வைத்து மலிவான ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்து, எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் வாசலைத் திறந்தார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். அவர் திறந்த வாசல் வழியே வந்தவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். 2010இல் இந்து சந்தோக்கின் பேரன் கருண் சந்தோக்கும் அந்த வரிசையில் சேர்ந்தார். சோழவரத்தில் போட்ட விதை இருங்காட்டுக்கோட்டையில்தான் காய்த்தது.

நாங்கள் போனது பைக் பந்தயம் நடந்த நாள். தடத்துக்கு வெளியே கார்த் தொழிற்சாலையின் நீண்ட கூரைகள், உள்ளே பெட்ரோல் வாசனை. பிட் பக்கம் ஒரு பையன் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். திருச்சியிலிருந்து வந்த மெக்கானிக். பாய் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அரைமணி நேரம் இருவரும் ஒரு கிளட்ச் பிளேட்டைப் பற்றிப் பேசினார்கள். பையன் அவரை "அத்தா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். "நல்லாக் கத்துக்க வாப்பா. ஓட்டுறவன் பேரு பேப்பர்ல வரும். வண்டி உன் பேரைச் சொல்லும்" என்று எழுந்தார் பாய்.

தில்லி அருகே கிரேட்டர் நொய்டாவில் பெரும் பணம் கொட்டிக் கட்டிய புத்த் தடத்தில் 2011 அக்டோபரில் ஃபார்முலா ஒன் ஓடியது. 2013க்குப் பிறகு அந்தப் பந்தயம் இந்தியாவுக்கு வரவில்லை. வரித் தகராறும் செலவும் சேர்ந்து அதை நிறுத்தின. தரையும் இருந்தது, பணமும் இருந்தது. ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் இருப்பதைப் போல, தரையோடு வாழும் மனிதர்கள் அங்கே உருவாக மூன்று ஆண்டுகள் போதவில்லை.

முத்துப்பேட்டையிலிருந்து கிளம்பும்போது வேகம்தான் பந்தயத்தின் உயிர் என்று நினைத்திருந்தேன். வழியில் பார்த்த தரை ஒவ்வொன்றும் வேறு ஒன்றைச் சொன்னது. உலகின் அதிவேகத் தடமாக இருந்த அமாடோல் இரண்டே ஆண்டுகளில் ஓய்ந்தது. காரோடு ஒப்பிட்டால் மெல்ல ஓடும் கரிச்சான் மாடு, ஒன்பது ஆண்டு வழக்கையும் தாண்டி எங்கள் சாலையில் ஓடுகிறது. தரையைச் சொந்தமாக்கிக்கொண்டு, அதை அன்றாடம் பேணும் மனிதர்கள் இருக்கிற இடத்தில் பந்தயம் நிலைக்கிறது. கல் பொறுக்கும் கிராமத்துப் பையன்கள், பலகையைத் தட்டிப் பார்க்கும் மரணக் கிணற்றுக்காரர், நிலம் வாங்கிய சங்கத்தார், ராத்திரி முழுக்க வெல்டிங் அடித்த பட்டறைத் தொழிலாளிகள் எல்லோரும் அந்தப் பட்டியலில் சேர்ந்தவர்கள்.

சோழவரத்தில் அந்தப் பந்தயங்களுக்கு நெடுஞ்சாலையோரம் ஒரு நினைவுக்கல் நட வேண்டும் என்பது என் ஆசை. கல்லைவிட அவசரமானது வேறொன்று இருக்கிறது. சென்னை, கோவை, பெங்களூர் வீடுகளின் பழைய ஆல்பங்களில் சோழவரத்துப் புகைப்படங்கள் மங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த வண்டிகளை இழைத்த மெக்கானிக்குகள் எழுபதையும் எண்பதையும் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஓட்டியவர்களின் பெயர்கள் கோப்பைகளில் இருக்கின்றன. கழற்றிப் பூட்டியவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. மரத்தடத்தின் அடியில் நின்ற தச்சர்களைப் பற்றிப் பாய் கேட்ட கேள்விக்கு அமெரிக்கா பதில் சொல்லட்டும். சோழவரத்து மெக்கானிக்குகளைப் பற்றி அதே கேள்வியை நம் பேரப்பிள்ளைகள் கேட்கும்போது பதில் நம்மிடம் இருக்க வேண்டும். அதை எழுதி வைக்க வேண்டியவர்கள் நாம்தான், அவர்கள் நம்மோடு இருக்கும்போதே.